பெட்டிக்குள் பத்தொன்பது டிகிரி

ஏப்ரல் 16, புதன்

தென்னூரில் இரண்டு ஏ.சி. சர்வீஸ். உறையூர் கறிக்கடை ஃப்ரீஸரில் கேஸ் லீக். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, கேஸ் ஏற்றி முடிக்க மணி மூன்று.

வீட்டுக்கு வந்தால் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் மேல் ரோஸ் கலரில் ஒரு பெட்டி. மகள் சுபிக்ஷா பெங்களூரிலிருந்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். முகத்துக்குப் போடும் கிரீம்களை வைக்கிற ஃப்ரிட்ஜாம். உயரம் ஒரு முழம்கூட இல்லை. கதவு முழுக்கக் கண்ணாடி, உள்ளே இரண்டு தட்டு. இருபத்தெட்டு வருடமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருப்பவன் வீட்டுக்கு, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது.

திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கம்ப்ரஸர் கிடையாது. கேஸ் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன், அதற்குப் பின்னால் ஒரு சில்லு. கரண்ட் பாய்ந்தால் சில்லின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். மொத்த வித்தையும் அவ்வளவுதான்.

"இது ஃப்ரிட்ஜே இல்ல மங்கை. ஃபேன் வச்ச டிபன் பாக்ஸ்" என்றேன்.

"டிபன் பாக்ஸாவே இருந்துட்டுப் போகட்டும். மாவு வாசனை அடிக்காதுல்ல."

போன வருடம் கீமோ ஏறியதிலிருந்து அவளுக்கு மூக்கு நாய் மூக்காகிவிட்டது. சமையலறை ஃப்ரிட்ஜில் வைத்த எதை எடுத்தாலும் தோசை மாவு, மீன் குழம்பு என்று வரிசையாகச் சொல்கிறாள். அந்த ஃப்ரிட்ஜில் வைத்த கிரீமை முகத்தில் போட்டால் குமட்டுகிறதாம். மகளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

"கடையில தொண்ணூறு லிட்டர் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல சும்மா கெடக்கு. கொண்டாந்து போடவா?"

"எங்க போடுவீங்க, என் தலை மேலயா?"

தெர்மோமீட்டரை உள்ளே வைத்தேன். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தது: வெளியே 36. பெட்டிக்குள் 19. வெளிக்காற்றைவிடப் பதினேழு டிகிரி குறைக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிழிக்காது. சொன்னேன். அவள் அதற்குள் ரோஸ் வாட்டரை உள்ளே வைத்துவிட்டாள்.


ஏப்ரல் 17, வியாழன்

வெளியே 37. பெட்டிக்குள் 20.

ஆஸ்பத்திரியில் இன்று மார்க்கிங். திங்கட்கிழமை ரேடியேஷன் தொடங்குகிறது. சனி, ஞாயிறு, லீவு நாள் தவிர தினமும் ஒன்று. மொத்தம் இருபத்தைந்து சிட்டிங். நடுவில் விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். விட்டால் மிச்சம் மீதி இருப்பது மறுபடி தலைதூக்க நாமே இடம் கொடுத்த மாதிரியாம்.

எங்கே கதிர் பட வேண்டும் என்று உடம்பின் மேலேயே மையால் கோடு போட்டிருக்கிறார்கள். ஜெனிட்டா என்று ஒரு டெக்னீஷியன் பெண். சின்ன வயதுதான், ஆனால் குரலில் தலைமையாசிரியை.

"அண்ணா, இந்தக் கோடு கடைசி நாள் வரைக்கும் அழியக்கூடாது. அந்தப் பக்கம் சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. தேய்ச்சுத் துடைக்கக் கூடாது. கோடு போச்சுன்னா மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான். நாள் போயிடும்."

சரி என்றேன். மார்க்கிங் நடக்கும்போது வீட்டுக்காரர் உள்ளே வரலாம் என்றும் சொன்னாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டரை வெயிலில் விட்டிருந்ததால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.


ஏப்ரல் 21, திங்கள்

வெளியே 38. பெட்டிக்குள் 21. சிட்டிங் 1.

போனாள், படுத்தாள், பத்து நிமிடத்தில் வந்தாள். "ஒண்ணுமே தெரியலங்க. மெஷின் ஏதோ முனகுச்சு, அவ்வளவுதான்." வழியில் நுங்கு வாங்கிச் சாப்பிட்டோம்.


ஏப்ரல் 24, வியாழன்

வெளியே 38. பெட்டிக்குள் 21. சிட்டிங் 4.

பெட்டிக்குள் இப்போது இருப்பவை: ரோஸ் வாட்டர், கண்ணுக்குக் கீழே போடும் கிரீம், சொட்டுச் சொட்டாக விடும் சீரம் ஒரு குட்டி பாட்டில், நான்கு ஷீட் மாஸ்க், கற்றாழை, லிப்ஸ்டிக் ஒன்று. லிப்ஸ்டிக் எதற்குக் குளிர வேண்டும் என்று கேட்டேன். வெயிலில் உருகுகிறதாம்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், போன ஆகஸ்டுக்குப் பிறகு அவள் இதில் எதையும் தொட்டதில்லை. எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய பார்லர். "அரசி ப்யூட்டி பார்லர், பெண்களுக்கு மட்டும்." பதினான்கு வருடம் நடத்தினாள். முடி கொட்ட ஆரம்பித்ததும் அங்கிருந்த மூன்று கண்ணாடிகளிலும் பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள். பாத்ரூம் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். பிப்ரவரியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு கண்ணாடிப் பேச்சே இல்லை.

இன்று காலை அந்தப் பெட்டியின் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையில் முடி ஒரு விரல் அகலம் வளர்ந்திருக்கிறது. நான் வந்ததைப் பார்த்ததும் நைட்டியின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.

நான் ஹாலில்தான் படுக்கிறேன். பிப்ரவரியிலிருந்தே அப்படித்தான். ஹாலில் காற்று நன்றாக வரும். தூக்கத்தில் என் கை அவள் மேல் பட்டுவிடக்கூடாது என்பதும் இருக்கிறது.


ஏப்ரல் 27, ஞாயிறு

வெளியே 38. பெட்டிக்குள் 21.

பர்வீன் வந்திருந்தாள். பார்லரில் மங்கையிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள். இப்போது தில்லை நகரில் வேறு ஒரு இடத்தில் இருக்கிறாள். பெட்டியைப் பார்த்ததும் கதவைத் திறந்து திறந்து மூடினாள். நான் கண்டித்தேன். ஒரு தடவை திறந்தால் ஒரு டிகிரி போகும்.

"அக்கா, அங்க மே மாசம் வரைக்கும்தான்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க எப்ப தொறக்கறீங்க?"

மங்கை நைட்டிக்கு மேலே, தோள்பட்டையில் கொஞ்சமாய்த் தெரிந்த ஊதா மையைத் தொட்டுக் காட்டினாள். "மொதல்ல இந்தக் கோடு அழியட்டும். அழிஞ்ச மறுவாரம் தொறக்கறேன்."

இதுவரை அவள் வாயிலிருந்து "திறக்கிறேன்" என்று ஒரு தடவைகூட வந்ததில்லை. பர்வீன் போன பிறகு மே மாதப் பக்கங்களைப் புரட்டி எண்ணினேன். மே தினம் ஒரு லீவு. இருபத்தைந்தாவது சிட்டிங் மே 26, திங்கட்கிழமை.


மே 1, வியாழன்

லீவு. வெளியே 39. பெட்டிக்குள் 22.


மே 4, ஞாயிறு

வெளியே 40. பெட்டிக்குள் 23. கத்திரி இன்று ஆரம்பம்.

மங்கை சீரத்தை எடுத்துக் கன்னத்தில் விட்டுக்கொண்டு, "வெதுவெதுன்னு இருக்குங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் பெண்டாட்டி ஃப்ரிட்ஜைப் பார்த்து வெதுவெதுப்பு என்று சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கிறது.


மே 6, செவ்வாய்

வெளியே 40. பெட்டிக்குள் 9. சிட்டிங் 11.

ஒன்பது. இன்னொரு தடவை எழுதுகிறேன், 9.

நேற்று சாயங்காலம் பெட்டியைப் பிரித்தேன். சில்லுக்குப் பின்னால் வைத்திருந்த அலுமினியத் துண்டு பிஸ்கெட் அளவு இருந்தது, சூடு எப்படி வெளியேறும்? கடையில் கிடந்த பழைய யு.பி.எஸ்.ஸிலிருந்து பெரிய துண்டாக எடுத்து மாட்டினேன். இரண்டுக்கும் நடுவில் சூடு கடத்தும் பேஸ்ட் புதிதாகப் போட்டேன். பக்கத்தில் இரண்டாவது ஃபேன். உள்ளே தெர்மோகோல். பின்பக்கத்தைப் பார்த்தால் கொஞ்சம் அசிங்கம்தான்.

"என்னங்க இது, பஸ் என்ஜின் மாதிரி சத்தம் போடுது?" என்றாள் மங்கை.

"கைய உள்ள வச்சுப் பாரு."

வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.


மே 7, புதன்

வெளியே 39. பெட்டிக்குள் 9. சிட்டிங் 12.

கதிர் படும் இடத்தில் தோல் சிவந்து எரிகிறது என்றாள். இந்த வாரத்தில் இப்படி ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். காலையில் சிட்டிங் முடிந்து வந்த பிறகு, மாலையில் மட்டும், மெல்லிசாக, தேய்க்காமல், கோட்டின் மேல் படாமல். குளிர வைத்துப் போட்டால் இதமாக இருக்குமாம். குளிர வைப்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெல் பாட்டில் மேல் தட்டில், ரோஸ் வாட்டருக்குப் பக்கத்தில்.

முன்பக்கம் அவளே போட்டுக்கொள்கிறாள். அக்குளுக்குக் கீழேயும் பின்பக்கமும் எட்டவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை தோளுக்கு மேல் தூக்க வருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் என்னென்னவோ செய்து பார்த்தாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.


மே 11, ஞாயிறு

வெளியே 39. பெட்டிக்குள் 9.

சுபிக்ஷா வெள்ளிக்கிழமை வந்தாள், இன்று மாலை கிளம்பிவிட்டாள். மூன்று நாளும் அம்மாவுக்கு அவள்தான் ஜெல் தடவினாள். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் ஹாலுக்குக் கேட்டது. ஷீட் மாஸ்க்கை முகத்தில் ஒட்டிக்கொண்டு இருவரும் பேய் மாதிரி வெளியே வந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் என்னிடம், "அப்பா, நாளையிலேர்ந்து நீங்கதான் போடணும். அம்மா கேக்க மாட்டாங்க. நீங்களா போங்க" என்றாள். சரி என்றேன். ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "நிஜமா போவீங்களா?" என்றாள். பெங்களூர் வண்டிகளில் ஏ.சி. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.


மே 12, திங்கள்

வெளியே 39. பெட்டிக்குள் 9. சிட்டிங் 15.

மாலை ஆறு மணிக்கு ஜெல் தடவினேன். ஜன்னலைச் சாத்தித் திரை போட்டிருந்தோம். லைட்டைப் போடவில்லை. ட்யூப் லைட்டும் சூடுதானே. ஜெல் பாட்டில் நல்ல ஜில். வெளியே எடுத்ததும் வேர்த்துக் கொட்டியது, என் கையெல்லாம் ஈரம். தாராளமாகத் தடவினேன். முன்பக்கம் வழிந்ததையும் பஞ்சால் துடைத்தேன்.

"அப்பாடா" என்றாள். அந்த அப்பாடா என்னுடைய இரண்டாவது ஃபேனுக்குக் கிடைத்த சர்டிபிகேட்.


மே 13, செவ்வாய்

சிட்டிங் இல்லை.

எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதிவிடுகிறேன்.

வழக்கம்போல் வெளியே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் வருகிறவள் அரை மணியாகியும் வரவில்லை. ஜெனிட்டா வந்து, "அண்ணா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

உடை மாற்றும் அறையில் மங்கை பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"கோடு எங்க அண்ணா? நேத்து காலையில பளிச்சுன்னு இருந்துச்சு. பக்கவாட்டுல ஒண்ணுமே இல்ல. முன்னாடியும் பாதி போச்சு."

"நான்தாம்மா" என்று மங்கை முந்திக்கொண்டாள். "குளிக்கும்போது தெரியாம சோப்பு போட்டுட்டேன்."

"அந்தப் பக்கம் உங்க கை எட்டாதே அக்கா."

"நான்தாங்க தடவினேன்" என்றேன்.

"லைட்டுப் போட்டுப் பாத்துத் தடவலயா?"

"கரண்ட் இல்லைங்க" என்றேன்.

இன்று கதிர் வைக்க முடியாது என்றாள். மறுபடி ஸ்கேன் எடுத்து, டாக்டர் பிளான் போட்டு, கோடு போட வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்றதற்கு, சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும் என்றாள். ஒரு வாரம். நடுவில் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு மட்டும் காதில் விழாமலா போனது?

திரும்பும்போது பாலக்கரை சிக்னலில் வண்டி நின்றது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவளின் முகம் நமக்குத் தெரியாது. நம் முகமும் அவளுக்குத் தெரியாது.

"கரண்ட் இருந்துச்சுங்க" என்றாள். "பெட்டி ஓடிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டு ஃபேனும்."

நான் முன்னால் நின்ற ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் தடவினீங்க. பெட்டிக் கதவுக் கண்ணாடில தெரிஞ்சுது."

சிக்னல் விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்தேன்.

மாலை பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். எனக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது. ஒன்பது டிகிரியில் இருக்கும் பாட்டிலைக் கத்திரி வெயிலில் வெளியே எடுத்தால் அது வேர்த்து ஊற்றும் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரப் பாடம். அந்த ஈரத்தோடு கோட்டின் மேல் தேய்த்திருக்கிறேன். கண்ணைத் திறந்திருந்தால் மை கரைவது தெரிந்திருக்கும்.


மே 14, புதன்

அளக்கவில்லை. சிட்டிங் இல்லை.

மங்கையைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் டாக்டர் அறை வாசலில் நின்றேன். அழிந்தது அவளால் இல்லை, என்னால்தான், கரண்டும் போகவில்லை என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பழைய பிளானில் மச்சம் மாதிரி மூன்று புள்ளி நிரந்தரமாகக் குத்தியிருக்கிறார்களாம், அவை தப்பித்ததால் வேலை பாதியாகக் குறைந்தது. மாலைக்குள் புதுக்கோடு போட்டுவிட்டார்கள். நாளைக்கே தொடரலாம். இரண்டு நாள் போனது போனதுதான், பின்னால் இரண்டு நாள் சேர்த்து ஈடு செய்யலாம் என்றார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஜெனிட்டா என்னைக் கூப்பிட்டாள். "உள்ள வந்து கோடு எங்கெங்க இருக்குன்னு பாத்துக்கங்க அண்ணா. தடவறவங்களுக்குத் தெரியணும்."

நான் எழுந்தேன். மங்கை, "வேண்டாம்மா. அவருக்கு ஒரு பேப்பர்ல போட்டுக் குடுத்துடு, போதும்" என்றாள்.

பேப்பரில் போட்டுக் கொடுத்தாள். ஒரு பெண்ணின் பாதி உடம்பு, அதில் ஐந்து கோடு, மூன்று புள்ளி. அதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். "வேண்டாம்மா" என்று அவள் சொன்னது அவளுக்காக இல்லை, எனக்காக. அது எனக்குப் புரிந்தது.


மே 15, வியாழன்

வெளியே 38. பெட்டிக்குள் 19. சிட்டிங் 16.

மதியம் பெட்டியைப் பழையபடி மாற்றினேன். என் ஃபேனைக் கழற்றி, பெரிய அலுமினியத்தை எடுத்து, அதன் பிஸ்கெட்டையே திரும்ப மாட்டினேன். உள்ளே தெர்மோகோலை மட்டும் விட்டுவைத்தேன். வெயிலும் கொஞ்சம் தணிந்திருந்தது. பத்தொன்பது. பாட்டிலை எடுத்து நிமிடக் கணக்கு வைத்துப் பார்த்தேன், ஒரு பொட்டு வேர்க்கவில்லை. தோலுக்கு இந்தக் குளிர் போதுமானது. பெட்டி செய்தவன் முட்டாள் இல்லை.

ஆறு மணிக்கு ஜெல்லையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு நின்றேன். மங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரை சாத்தியிருந்தது.

"லைட்டைப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.

"திரும்பவா?"

"திரும்பு."

மெதுவாகத் திரும்பினாள். நைட்டியை இறக்கினாள். நான் பார்த்தேன்.

இடது பக்க மார்பு இல்லை. இதை இந்த டைரியில் நான் இதுவரை எழுதவே இல்லை, இப்போதுதான் கவனித்தேன். ஆபரேஷன், ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறேன். தழும்பு ஒரு சாண் நீளம், அக்குள் பக்கமாகச் சரிந்து போகிறது. சுற்றிலும் தோல் கறுத்து, சில இடங்களில் சிவந்து கிடந்தது. அதன் மேல் ஊதா மையில் நேர்க்கோடுகள், மூலையில் கூட்டல் குறிகள். ஏ.சி. மாட்டுவதற்கு முன்னால் சுவரில் மட்டம் பார்த்து நான் போடும் கோடு மாதிரியே இருந்தது. நான் ஏதோ பயங்கரத்தை எதிர்பார்த்திருந்தேன். மங்கைதான் உட்கார்ந்திருந்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது இதுதான்: "வேலை சுத்தமா இருக்கு. கோடு ஒரு நூல் பிசகல."

சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது எரிச்சல் எடுத்து, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள்.

"உங்களுக்கு அருவருப்பா இருக்குன்னு நெனச்சேன். அதான் ஹாலுக்குப் போயிட்டீங்கன்னு."

"அருவருப்பா? பயம் மங்கை. பாத்துட்டா இதெல்லாம் நெசமாயிடும்னு பயம். நீ ஆஸ்பத்திரிக்குப் போறதும் வர்றதும், ஏதோ வேற யாருக்கோ நடக்கற மாதிரி வச்சிருந்தேன்."

"எனக்கு மட்டும் நெசமா இருந்துச்சு" என்றாள்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். ஜெனிட்டாவின் பேப்பர் ஒட்டிய டைரிப் பக்கத்தைக் கட்டிலில் விரித்து வைத்து, கோட்டுக்குக் கோடு பார்த்து, இடையில் இருந்த இடத்தில் மட்டும் ஒற்றி ஒற்றி வைத்தேன். இருபது நிமிடம் ஆனது.


மே 19, திங்கள்

வெளியே 38. பெட்டிக்குள் 20. சிட்டிங் 18.

ஜெனிட்டா கோட்டைப் பார்த்துவிட்டு, "யாரு தடவறது?" என்று கேட்டாளாம். "வீட்டுக்காரர்" என்றாளாம் மங்கை. "அதே வீட்டுக்காரரா?" என்றாளாம்.


மே 22, வியாழன்

வெளியே 37. பெட்டிக்குள் 19. சிட்டிங் 21.

அக்குளுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, அதன் மேல் ஜெல் வேண்டாம் என்று வேறு மருந்து கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஆறிவிடுமாம். வலிக்கிறது. வலிக்கும்போது அவளுக்குக் கோபம் வருகிறது. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னதற்கு, கோட்டை அழித்தவருக்கு உப்பு ஒரு கேடா என்றாள். இனி ஆயுசுக்கும் இதைக் கேட்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. கேட்டுக்கொள்கிறேன்.

மாலை ஜெல் போட்டு முடித்த பிறகு என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் வெயிலில் மொட்டைமாடிகளில் வேலை பார்த்த முகம் இதுதான் என்றாள். மிச்சமிருந்த ஒரு ஷீட் மாஸ்க்கை எடுத்து எனக்கு ஒட்டிவிட்டாள். பெட்டியிலிருந்து எடுத்தது. ஜில்லென்று இருந்தது, வெள்ளரிக்காய் வாசனை. அந்த நேரம் பார்த்து கறிக்கடைக்காரர் ஃப்ரீஸர் பற்றிக் கேட்க வீட்டுக்கே வந்துவிட்டார். மாஸ்க்கோடுதான் பேசினேன். நாளை காலை வருகிறேன் என்றதும் அவசரமாகப் போய்விட்டார்.


மே 26, திங்கள்

வெளியே 37. பெட்டிக்குள் 19. சிட்டிங் 23.

இன்றோடு முடிந்திருக்க வேண்டியது. என்னால் இன்னும் இரண்டு.


மே 28, புதன்

வெளியே 37. சிட்டிங் 25.

முடிந்தது. கத்திரியும் இன்றோடு முடிகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறது.

இந்தத் தடவை நான் உள்ளே போய், உடை மாற்றும் அறை வாசலில் நின்றேன். மங்கை வெளியே வந்ததும் ஜெனிட்டா கையைக் குலுக்கினாள். "அக்கா, இனிமே கோட்டை அழிச்சுக்கலாம். சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க. தேங்காய் எண்ணெயைப் பஞ்சுல தொட்டு மெதுவா எடுங்க. உரிஞ்ச எடத்துக்கிட்ட இருக்கறத விட்டுடுங்க, அது தானா போயிடும்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல அண்ணா" என்றாள். இதைச் சொல்வதற்காகவே இரண்டு வாரம் காத்திருந்திருப்பாள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதில் சுத்தமாக இருக்க வேண்டும். டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். நானும் நம்புகிறேன்.

மாலையில் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"நீயே அழிச்சுக்கலாமே, முன்பக்கம் எட்டும்ல" என்றேன்.

"அன்னிக்குக் கேக்காம அழிச்சீங்கல்ல. இன்னிக்கு நான் கேக்கறேன், அழிங்க."

திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தேன், லைட்டையும் போட்டேன். அக்குள் பக்கத்துக் கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். மை அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. அன்றைக்கு எப்படித்தான் போனதோ. ஒவ்வொரு பஞ்சிலும் ஊதா ஏறி, பதினோரு பஞ்சு ஆனது. தழும்பை ஒட்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். வலிக்கவில்லை என்று தலையை ஆட்டினாள். உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளக் கோட்டை மட்டும் விட்டுவைத்தேன்.

முடித்ததும் சேலை மாற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மூன்று கண்ணாடிகளின் மேலிருந்த பெட்ஷீட்டுகளையும் உருவினாள். ஒன்பது மாதத் தூசு. தும்மினாள். நடுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இந்த வெட்டு எனக்கு நல்லாத்தான் இருக்கு இல்ல?" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. சொன்னேன்.

பர்வீனுக்கு போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அறையைக் கழுவி விடுகிறாளாம். திங்கட்கிழமை திறப்பு. முதல் ஆளாக ஜெனிட்டாவுக்கு த்ரெட்டிங் இலவசமாம்.

"பெட்டியைக் கொண்டாந்து இங்க வைங்க. பொண்ணுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

ஒரு கையிலேயே தூக்கி வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து ஒயரைச் செருகினேன். ஃபேன் மெல்லச் சுழன்றது. ரோஸ் வாட்டர், சீரம், லிப்ஸ்டிக் எல்லாவற்றையும் அவளே அடுக்கினாள். தெர்மோமீட்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. உள்ளே வைக்கத் தோன்றவில்லை.


மே 29, வியாழன்

வெளியே 36. படுக்கையறையிலும் காற்று நன்றாகத்தான் வருகிறது.